எரித மின்னஞ்சல் முறையீடு: எழும்பூரிலிருந்து வல்லாஞ்சேரி வரை

எரித மின்னஞ்சல் முறையீடு என்பது, கேட்காமலே மொத்தமாக வந்து சேரும் மின்னஞ்சல்களும் ஏமாற்று மின்னஞ்சல்களும் எங்கிருந்து வந்தன என்று கண்டறிந்து, அவற்றை நிறுத்தக்கூடிய நிறுவனத்திடமோ காவல்துறையிடமோ தெரிவிக்கும் நடைமுறையாகும். ஸ்பேம் என்று பரவலாக அறியப்படும் இவ்வகை அஞ்சல் தமிழ்க் கணிமை வழக்கில் எரிதம் எனப்படுகிறது. கடவுச்சொல், வங்கி விவரம் போன்றவற்றைப் பறிக்க, அறிமுகமான நிறுவனத்தின் பெயரில் அனுப்பப்படும் அஞ்சல் தூண்டில் அஞ்சல் எனப்படும்.

தமிழ்நாட்டில் இந்நடைமுறையின் வரலாற்றில் இரண்டு நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, 2004-இல் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு. அதில் இணையத் தடத்தைப் பின்தொடர்ந்து ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். இரண்டாவது, 2018 செப்டம்பர் 24 அன்று, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வல்லாஞ்சேரியில் இயங்கும் சோஹோ நிறுவனத்தின் தளப்பெயர் முடக்கப்பட்ட நிகழ்வு. அதில் சில அஞ்சல்கள் மீதான முறையீடு, அவற்றோடு தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் அஞ்சல் பெட்டிகளைப் பல மணி நேரம் மூடியது. முறையீடு யாரிடம் போய்ச் சேர்கிறது, அவர் அதை எப்படிச் சோதிக்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்றாகின்றன.

பெயரும் தொடக்கமும்

ஸ்பேம் என்பது 1937-இல் அமெரிக்காவின் ஹார்மல் நிறுவனம் விற்கத் தொடங்கிய டப்பா இறைச்சியின் பெயர். பிரிட்டனின் மான்டி பைத்தான் குழு 1970-இல் வழங்கிய நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவகத்தின் ஏறத்தாழ எல்லாப் பண்டங்களிலும் இச்சொல் திரும்பத் திரும்ப வரும். வேண்டாதது திரும்பத் திரும்ப வருவதைக் குறிக்க இணையப் பயனர்கள் அப்பெயரை எடுத்துக்கொண்டனர்.

முதல் எரித மின்னஞ்சலாகக் கருதப்படுவது 1978 மே 3 அன்று ஆர்ப்பாநெட் வலையமைப்பில் அனுப்பப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனை அலுவலர் கேரி துயர்க், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளின் அறிமுகக் கூட்டத்துக்கு அழைத்து ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினார். பெற்றவர்கள் முறையிட்டனர், வலையமைப்பை நிர்வகித்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினர் அந்நிறுவனத்தைக் கண்டித்தனர். எரிதத்தின் வரலாறும் முறையீட்டின் வரலாறும் ஒரே அஞ்சலில் தொடங்கின எனலாம். அன்று வலையமைப்பில் இருந்தவர் எண்ணிக்கை சிறியது. அனுப்பியவர் யார் என்பதும், யாரிடம் சொன்னால் அவர் நிறுத்துவார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வலையமைப்பு பெருகியபின் இவ்விரண்டுமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவையாயின.

தடம் இருக்கும் இடம்

மின்னஞ்சலை அனுப்பும் நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வரையறுத்தார். அந்நெறிமுறையில் அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. தபால் உறையின் பின்புறம் யாரும் எந்த முகவரியையும் எழுதலாம் என்பது போல, மின்னஞ்சலிலும் யாருடைய பெயரையும் இட்டு அனுப்ப முடிந்தது. ஆயினும் அஞ்சல் கடந்து வரும் ஒவ்வொரு வழங்கியும், தான் யாரிடமிருந்து எப்போது அதைப் பெற்றது என்று அதன் தலைப்பகுதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது விதி. அஞ்சல் நிலையங்கள் உறையின் மேல் குத்தும் முத்திரைகளைப் போன்றவை இவ்வரிகள்.

புதிய வரி மேலே சேர்வதால் தலைப்பகுதியைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அஞ்சல் வந்த வழி தெரியும். ஆனால் கீழ் வரிகளை எரிதம் அனுப்புபவரே பொய்யாக எழுதிச் சேர்த்திருக்கலாம். பெறுபவரின் சொந்த அஞ்சல் சேவை எழுதிய மேல் வரியை மட்டுமே ஐயமின்றி நம்பலாம். ஆகவே தடம் பார்ப்பவர்கள் மேலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரியும் அடுத்த வரியோடு பொருந்துகிறதா என்று சோதித்துக்கொண்டு கீழே இறங்குவர். பொருத்தம் முறியும் இடத்துக்கு முன்புள்ள ஐ.பி. முகவரியே தேடலின் தொடக்கப்புள்ளி. அது எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதை இணைய எண் பதிவகங்களின் பொதுப் பட்டியலில் பார்க்கலாம். ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்நிக் என்ற அமைப்பும், அதன்கீழ் இந்தியாவுக்கு இரின் என்ற தேசியப் பதிவகமும் இப்பட்டியலைப் பேணுகின்றன.

பொய் அனுப்புநர் முகவரியை உண்மை என்று நம்பி முறையிட்டால் நேரும் கேட்டுக்கு 1997-இல் நடந்த ஒரு நிகழ்வு பழைய எடுத்துக்காட்டு. ஜோஸ்.காம் என்ற தளத்தை நடத்தியவர், எரிதம் அனுப்பிய ஒருவரின் கணக்கை மூடினார். அந்நபர் பழிவாங்கும் நோக்கில் தளத்தின் பெயரிலேயே எரிதத்தை அனுப்பினார். பெற்றவர்களின் கோபம் தளத்தின் மீது திரும்பி, அது செயலிழந்தது. இவ்வகைத் தாக்குதலுக்கு ‘ஜோ ஜாப்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

முறையீட்டு முகவரியும் கறுப்புப் பட்டியலும்

1997 மே மாதம் வெளியான இணையத் தரநிலை ஆவணம் ஒன்று, தளப்பெயர் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ‘அப்யூஸ்’ என்ற பெயரில் முறையீட்டு அஞ்சல் பெட்டி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று வகுத்தது. இன்றும் பெரும்பாலான முறையீடுகள் செல்வது இப்பெட்டிகளுக்கே. 1998-இல் ஜூலியன் ஹைட் தொடங்கிய ஸ்பேம்காப் சேவை, பயனர் ஒட்டும் தலைப்பகுதியைத் தானாகப் படித்து உரிய நிறுவனத்துக்கு முறையீடு அனுப்பியது. அதே ஆண்டு ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பேம்ஹவுஸ், எரிதம் அனுப்பும் முகவரிகளின் பட்டியலை வெளியிட்டது. அஞ்சல் சேவைகள் அப்பட்டியலைப் பார்த்து அம்முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலை வாசலிலேயே மறுத்தன.

தடம் பிடித்தலின் பெரிய வெற்றியாகச் சொல்லப்படுவது 2008 நவம்பரில் நிகழ்ந்தது. கலிபோர்னியாவில் இயங்கிய மெக்கோலோ என்ற இணைய நிறுவனத்தின் வழங்கிகளிலிருந்து எரித வலைகள் இயக்கப்படுவதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வாஷிங்டன் போஸ்ட் இதழின் பிரையன் கிரெப்ஸ் அச்சான்றுகளை மெக்கோலோவுக்கு இணைப்பு வழங்கிய நிறுவனங்களிடம் கொண்டுசென்றார். அவர்கள் இணைப்பைத் துண்டித்ததும் உலகின் எரித அளவு பாதிக்கும் மேல் சரிந்ததாகக் கணிக்கப்பட்டது. சில மாதங்களில் எரித அளவு மீண்டும் ஏறியது என்பதும் இந்நிகழ்வின் பகுதியே.

கறுப்புப் பட்டியலுக்கு மறுபக்கம் உண்டு. சிறு நிறுவனங்கள் பல ஒரே வழங்கியைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். அவற்றுள் ஒன்று எரிதம் அனுப்பி முகவரி பட்டியலில் ஏறினால், மற்றவற்றின் அஞ்சலும் மறுக்கப்படும். மாமல்லபுரத்தின் கற்சிற்பங்கள் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றவை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் அவற்றுக்கு வாங்குவோர் உள்ளனர். அத்தகைய ஒரு சிற்பக்கூடமோ கடற்கரை விடுதியோ அனுப்பும் விலைப்பட்டியல், முகம் தெரியாத அண்டை நிறுவனத்தின் குற்றத்தால் வாங்குபவரின் எரிதப் பெட்டிக்குள் விழக்கூடும். அனுப்பியவருக்கு அது தெரியவும் வராது.

எழும்பூர் வழக்கு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. மின்னணுச் சான்றுகளை ஏற்பதற்கான 65ஆ பிரிவு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் அப்போது சேர்க்கப்பட்டது.

2004 பிப்ரவரியில் சென்னைக் காவல்துறையிடம் ஒரு பெண் முறையிட்டார். அவர் பெயரில் இழிவான செய்திகள் யாகூ செய்திக் குழுக்களில் இடப்பட்டிருந்தன. அவர் பெயரிலேயே பொய்யாகத் தொடங்கப்பட்ட மின்னஞ்சல் கணக்கு ஒன்றும் இதற்குப் பயன்பட்டது. செய்தியைக் கண்டவர்கள் அப்பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை தந்தனர். இது வணிக எரிதம் அன்று. ஆனால் பொய் அனுப்புநரைத் தடம் பிடிக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றே.

காவல்துறை செய்திகளின் தலைப்பகுதியிலிருந்து ஐ.பி. முகவரிகளைப் பெற்று, அவை வழியாகப் பிரௌசிங் சென்டர்களைச் சென்றடைந்தது. அப்பெண்ணுக்கு முன்பே அறிமுகமான ஒருவர் மும்பையில் கைது செய்யப்பட்டார். மார்ச் 24 அன்று குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. செய்திகளை வேறு யாரேனும் அனுப்பியிருக்கலாம் என்றும், மின்னணு ஆவணங்கள் 65ஆ பிரிவின்படி செல்லாது என்றும் எதிர்த்தரப்பு வாதிட்டது. இணையச் சட்ட வல்லுநர் நா. விஜயசங்கர் அளித்த 65ஆ சான்றிதழும், பிரௌசிங் சென்டர் நடத்தியவர்களின் சாட்சியமும் அவ்வாதத்தை முறித்தன. 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் கூடுதல் தலைமைப் பெருநகரக் குற்றவியல் நீதிமன்றம், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 469, 509 பிரிவுகளின் கீழும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழும் குற்றத்தை உறுதி செய்தது. 67-ஆம் பிரிவின் கீழ் இந்தியாவில் தண்டனை வழங்கப்பட்ட முதல் வழக்காக இது குறிப்பிடப்படுகிறது.

முறையீடு முதல் தீர்ப்பு வரை ஆன காலம் ஓராண்டுக்கும் குறைவு. ஐ.பி. முகவரி ஒரு கணினியையோ ஒரு கடையையோ மட்டுமே காட்டும். அங்கே உட்கார்ந்திருந்தவரைக் காட்டாது. அந்தக் கடைசி இடைவெளியை நிரப்பியது மனிதச் சாட்சியம். அதன் முக்கியத்துவம் பின்னர் வந்த விதிகளிலும் தெரிகிறது. 2011 ஏப்ரலில் வெளியான பிரௌசிங் சென்டர் விதிகள், பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கவும் பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்கவும் பணித்தன. கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில் நிறுவனங்கள் 180 நாள் பதிவுகளைப் பேண வேண்டும் என்றது. தாமதமாக முறையிடுபவருக்குத் தடம் அழிந்துபோயிருக்கும் வாய்ப்பு இதனால் ஓரளவு குறைந்தது.

சட்டத்தின் நிலை

அமெரிக்கா 2003-இல் எரித மின்னஞ்சலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. 2008-இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு, எரிச்சலூட்டவோ அனுப்பிய இடம் குறித்து ஏமாற்றவோ அனுப்பப்படும் மின்னஞ்சலையும் குற்றமாக்கியது. எரிதத்துக்கு நேராகப் பொருந்திய பிரிவு அதுவே. ஆனால் அதன் பிற பகுதிகளின் சொற்கள் கருத்துரிமையைப் பறிக்கும் அளவுக்கு விரிந்திருந்தன. சமூக ஊடகப் பதிவுகளுக்காக மக்கள் கைதானபின், ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவு முழுவதையும் நீக்கியது.

ஏமாற்று அஞ்சலுக்கு 66இ, 66ஈ பிரிவுகள் இன்றும் பொருந்தும். இவை முறையே அடையாளத் திருட்டையும், கணினி வழி ஆள்மாறாட்ட மோசடியையும் தண்டிக்கின்றன. நீதிமன்றத் தீர்ப்புகளும் துணை நிற்கின்றன. நாஸ்காம் பெயரில் பொய் அஞ்சல் அனுப்பப்பட்ட வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2005 மார்ச்சில், தனிச் சட்டம் இல்லாவிடினும் தூண்டில் அஞ்சல் சட்டவிரோதமே என்று கூறி 16 லட்சம் ரூபாய் இழப்பீட்டை ஏற்பளித்தது. ஆனால் யாரையும் ஏமாற்றாமல் வெறுமனே பெட்டியை நிரப்பும் விளம்பர அஞ்சலுக்கு எதிராகப் பயனருக்கு உள்ள வழி, பெரும்பாலும் அனுப்பும் நிறுவனத்திடமே முறையிடுவதுதான். தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் உள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தடுப்புப் பதிவேடு மின்னஞ்சலுக்குப் பொருந்தாது.

வல்லாஞ்சேரி, 2018

செங்கல்பட்டு வட்டாரத்தில் தகவல் தொழில்நுட்பத் துறை இரண்டு சாலைகளை ஒட்டி வளர்ந்தது. கிழக்கே மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட் பூங்கா அமைந்தது. மேற்கே ஜி.எஸ்.டி. சாலையில், கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியின் எஸ்டான்சியா வளாகத்தில் சோஹோ இயங்குகிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய இந்நிறுவனம் 2008-இல் மின்னஞ்சல் சேவையை வெளியிட்டது. 2009-இல் சோஹோ கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறியது. 2018-இல் இவ்விடம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது.

2018 செப்டம்பர் 24 அன்று சோஹோ.காம் என்ற தளப்பெயரை, அதன் பதிவாளரான அமெரிக்காவின் டியர்ராநெட் நிறுவனம் முடக்கியது. சோஹோவின் அஞ்சல் கணக்குகளிலிருந்து தூண்டில் அஞ்சல்கள் வந்ததாகப் பெறப்பட்ட முறையீடுகளே காரணம். அப்போது சோஹோவின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த ஸ்ரீதர் வேம்பு ஊடகங்களுக்குத் தெரிவித்தபடி, இரண்டு மாதங்களில் பதிவாளரிடமிருந்து வந்த முறையீடுகள் மூன்று. அவற்றுள் இரண்டு கணக்குகள் மீது சோஹோ உடனே நடவடிக்கை எடுத்திருந்தது. மூன்றாவது விசாரணையில் இருந்தது. முன்னறிவிப்பின்றித் தளப்பெயர் முடக்கப்பட்டதாகவும், பதிவாளரின் மேலாண்மையைத் தொடர்புகொள்ள முயன்றபோது சட்டப் பிரிவுக்கே திருப்பிவிடப்பட்டதாகவும் அவர் கூறினார்.

வழங்கிகள் யாவும் இயங்கிக்கொண்டிருந்தன. ஆனால் பெயரைக் கொண்டு வழங்கியின் எண்ணைத் தேடும் கணினிகளுக்கு விடை கிடைக்கவில்லை. வீடு திறந்திருக்க, ஊரில் அவ்வீட்டின் முகவரி அழிக்கப்பட்டதற்கு இதை ஒப்பிடலாம். சோஹோவை நம்பியிருந்த நிறுவனங்களால் அஞ்சலையும் கணக்கு விவரங்களையும் வாடிக்கையாளர் பதிவுகளையும் திறக்க முடியவில்லை. இணையப் பெயர் விவரங்களை இடைநிலைக் கணினிகள் சில காலம் நினைவில் வைத்திருப்பதால், முடக்கம் நீங்கியபின்னும் சேவை எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் திரும்பவில்லை. சோஹோ தன் தளப்பெயரை கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது.

முறையீடு பொய்யானது அன்று. அதே நாட்களில் கோஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், தான் ஆராய்ந்த விசைத்திருடு மென்பொருள்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, திருடிய தகவலை அனுப்ப சோஹோ அஞ்சல் கணக்குகளைப் பயன்படுத்தியதாகத் தெரிவித்தது. இலவசமாக, சோதனையின்றிக் கணக்குத் தொடங்க முடிந்ததே குற்றவாளிகளை ஈர்த்தது. அதன்பின் இலவசக் கணக்குகளுக்கும் கைபேசி எண் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதாக சோஹோ அறிவித்தது.

ஆகவே இந்நிகழ்வில் இரு தரப்பிலும் குறை இருந்தது. அஞ்சல் சேவையின் வாசல் தளர்வாக இருந்தது. பதிவாளரின் கையிலிருந்த கருவியோ ஒரு கணக்கை மூடும் அளவுக்கு நுண்மையானது அன்று. முழுத் தளப்பெயரையும் விடுவது அல்லது மூடுவது என்ற இரண்டே வழிகள் அதற்கு இருந்தன. கணக்கை மூடக்கூடியவர் வல்லாஞ்சேரியில் இருந்தார்.

பின் வந்த மாற்றங்கள்

தளப்பெயர்ப் பதிவாளர்களுடன் ஐகான் அமைப்பு 2013-இல் செய்த ஒப்பந்தம், முறைகேடு பற்றிய முறையீட்டைப் பதிவாளர் விசாரித்துத் தகுந்த பதில் அளிக்க வேண்டும் என்று மட்டும் கூறியது. எது தகுந்தது என்று அது வரையறுக்கவில்லை. 2024 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தூண்டில் அஞ்சல் உள்ளிட்ட முறைகேட்டுக்குத் தக்க சான்று கிடைத்தால் நடவடிக்கை எடுப்பதைக் கட்டாயமாக்கியது. நடவடிக்கையைத் தேர்வு செய்யும்போது தீங்கின் கடுமையோடு, பிறருக்கு நேரக்கூடிய பக்கச் சேதத்தையும் கருதலாம் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. சோஹோ நிகழ்வில் எழுந்த கேள்வி இந்தப் பக்கச் சேதமே.

பொய் அனுப்புநர் சிக்கலுக்கு மூன்று தொழில்நுட்பங்கள் படிப்படியாக வந்தன. ஒரு தளப்பெயரின் சார்பில் எந்தெந்த வழங்கிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். 2006-இலும், அஞ்சலில் மின்னணுக் கையொப்பமிடும் டி.கே.ஐ.எம். 2007-இலும் தரநிலை ஆவணங்களாக வெளியாயின. சோதனையில் தோற்ற அஞ்சலை என்ன செய்வது என்று உரிமையாளரே சொல்லவும், அதுபற்றிய அறிக்கையைப் பெறவும் உதவும் டி.மார்க் 2015-இல் ஆவணமாயிற்று. கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக அஞ்சல் அனுப்புவோர் இம்மூன்றையும் பின்பற்ற வேண்டும் என்றும், பயனர்கள் எரிதம் எனக் குறிக்கும் அஞ்சலின் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்றும் விதித்தன. இதனால் எரிதம் என்று குறிக்கும் பொத்தானை அழுத்துவதே இன்று மிகப் பரவலான முறையீடாகிவிட்டது.

இன்றைய முறையீட்டு வழிகள்

பெரிய அஞ்சல் சேவைகள் பல, அனுப்பியவரின் ஐ.பி. முகவரியைத் தலைப்பகுதியில் காட்டுவதில்லை. எனவே தனிநபர் தடம் பார்த்துச் செல்லக்கூடிய தூரம் பெரும்பாலும் அனுப்பிய சேவை நிறுவனத்தோடு முடிகிறது. அதற்கு அப்பால் காவல்துறையோ நீதிமன்றமோ கேட்டால்தான் பதிவுகள் கிடைக்கும். இந்நிலையில் பின்வரும் வழிகள் பயன்பாட்டில் உள்ளன.

• அனுப்பிய சேவையின் முறையீட்டுப் பெட்டிக்கு, முழுத் தலைப்பகுதியோடு அஞ்சலை அனுப்புதல். திரைப்பிடிப்பில் தலைப்பகுதி இராது என்பதால் அது மட்டும் போதாது.

• தூண்டில் அஞ்சலை 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவித்தல்.

• பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைத்தலும், தேசிய இணையக் குற்ற முறையீட்டு வலைவாசலில் பதிதலும்.

• வழக்குக்குச் செல்லக்கூடிய அஞ்சலை அழிக்காமல் மூல வடிவில் வைத்திருத்தல். 2024 ஜூலை 1 முதல் 65ஆ பிரிவின் இடத்தில் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு உள்ளது; மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் இப்போதும் தேவை.

அறிமுகமில்லாத எரிதத்துக்குப் பதில் எழுதுவதும், அதிலுள்ள விலகல் இணைப்பை அழுத்துவதும் முகவரி உயிரோடு இருப்பதை அனுப்பியவருக்கு உறுதிப்படுத்திவிடும். அனுப்புநர் இடத்தில் காணும் பெயருக்குக் கோபமாக எழுதுவது, ஜோஸ்.காம் நிகழ்வில் நடந்தது போல, குற்றமற்றவரைச் சென்று சேரக்கூடும்.